நம்ம ராம்நாடு கரையோர பி.எச்.சி.க்கு எந்த ட்ரெய்னிங் சரிப்படும்? ஒரு நாள் வகுப்பு, அஞ்சு நாள் கோர்ஸ், ஆன்லைன், மாசாமாசம் கேஸ் மீட்டிங், நேர்ல வந்து சொல்லிக்குடுக்கறது

போன ரெண்டு மாசத்துல மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. ஒருத்தர் தொண்டிப் பக்கம் பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) மெடிக்கல் ஆபீசரா இருக்கற தம்பி, இன்னொருத்தர் கீழக்கரையில ஜமாத்துல படிப்பு சம்பந்தமான வேலையெல்லாம் பாக்கற ஒரு காக்கா (அண்ணன்), மூணாவது பாம்பன் தீவுல சர்ச் பங்கு இளைஞர் குழுவைக் கூட்டி நடத்தற ஒரு அக்கா. "வயசுப் பிள்ளைங்க தற்கொலைக்குப் போறதைத் தடுக்கணும், நம்ம ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு ஏதாவது ட்ரெய்னிங் போடலாம்னு இருக்கோம், கையில கொஞ்சம் காசும் இருக்கு, ஆனா ஒரு நாள் போடறதா, அஞ்சு நாள் போடறதா, ஆன்லைன்ல படிங்கன்னு விட்டுடறதான்னு ஒண்ணும் புரியல." இதான் கேள்வி. மூணு பேர்கிட்டயும் ஃபோன்ல துண்டு துண்டாச் சொன்னதை சேத்து எழுதிடறேன், வேற யாருக்காவதும் உதவும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல இந்தக் கரையோரத்துல நர்ஸ் வேலை பாத்தவ, பாதி சப்சென்டர்ல, பாதி பி.எச்.சி.ல. பல வருஷத்துக்கு முன்னாடி பதினாறு வயசுப் பொண்ணு ஒண்ணு எங்க ஓ.பி.க்கு ரெண்டு மாசத்துல மூணு தடவ தலைவலின்னு வந்துச்சு. மூணு தடவையும் சீட்டு எழுதுனது நான்தான், மூணு சீட்டுலயும் "தலைவலி, 3 நாள்"னு ஒரே கையெழுத்து, பாராசிட்டமால், சத்து மாத்திரை, அடுத்த ஆளைக் கூப்பிடு. நாலாவது தடவ அந்தப் பிள்ளையை நான் பாத்தது பெரியாஸ்பத்திரி வார்டுல. பொழைச்சிருச்சு, இன்னைக்கும் நல்லா இருக்கு. ஆனா அன்னைக்குக் கட்டில் பக்கத்துல போயி தலையைத் தடவுனப்ப அது என்னையப் பாத்து, "நான் மூணு தடவ வந்தேன்ல சிஸ்டர்"னு கேட்டுச்சு. எனக்குப் பதில் வரல. அதுக்கப்புறம் இந்த விஷயத்துக்கு எங்க ட்ரெய்னிங்னு கூப்பிட்டாலும் போயிட்டேன், அப்புறம் நானே சிலது எடுத்து நடத்தவும் செஞ்சேன், கீழ சொல்லப்போற அஞ்சு வழியில நாலுல நான் உக்காந்து எந்திரிச்சவ.

ஏன் பி.எச்.சி.ல இருந்து ஆரம்பிக்கணும்னு கேப்பாங்க. 2022ல தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியா முழுக்க 1,70,924 தற்கொலை, தமிழ்நாட்டுல மட்டும் 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். இந்தியா முழுக்க அந்த வருஷம் போனதுல 13,044 பேர் மாணவங்க. மனநல டாக்டருங்க மாவட்டத் தலைநகர்ல விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் இருக்காங்க, தனுஷ்கோடிப் பக்கமோ வாலிநோக்கத்துலயோ நரிப்பையூர்லயோ ஒரு பிள்ளைக்கு மனசு சரியில்லன்னா அது முதல்ல பாக்கப்போற வெள்ளைக் கோட்டு பி.எச்.சி. டாக்டரோ கிராம சுகாதார நர்ஸோதான். மனசு சரியில்லன்னு சொல்லிக்கிட்டு வராது, தலைவலின்னு வரும், வயித்துவலின்னு வரும், தூக்கமே இல்லக்கா ஒரு மாத்திரை குடுங்கன்னு வரும்.

## எதை வச்சு அளக்கறது

வழிங்களைப் பாக்கறதுக்கு முன்னாடி தராசு என்னன்னு முடிவு பண்ணிக்கணும். அதைப் பண்ணாம "யாரு வந்து பேசுவாங்க, எவ்வளவு கேப்பாங்க"ன்னு ஆரம்பிச்சா கடைசியில சாப்பாட்டு பில்லும் குரூப் போட்டோவும்தான் மிஞ்சும்.

கத்துக்கிட்ட ஆளு இங்கயே இருப்பாரா. இதை நான் முதல்ல வைக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஸ்வீடன்ல காட்லாந்துன்னு ஒரு தீவு, அங்க 1983-84ல தீவுல இருந்த பொது மருத்துவர் எல்லாருக்கும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கறது, வைத்தியம் பண்றதுன்னு வகுப்பு எடுத்தாங்க. உலகத்துல இந்த மாதிரி ட்ரெய்னிங் பத்தி யார் பேசுனாலும் இதைத்தான் முதல்ல சொல்வாங்க, ஏன்னா அடுத்த ரெண்டு வருஷத்துல தீவுல தற்கொலை நல்லாவே குறைஞ்சுச்சு. ஆனா 1988 வாக்குல பழைய இடத்துக்கே திரும்பிருச்சு, அதுக்குள்ள படிச்ச டாக்டருங்கள்ல பாதிப் பேர் தீவை விட்டே போயிட்டாங்க. இன்னொண்ணு, குறைஞ்சது பெரும்பாலும் பொம்பளைங்க கணக்குலதான், ஆம்பளைங்க டாக்டர்கிட்டயே வரல. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை பாத்த யாருக்கும் இதைப் படிச்சா நம்ம ஊரு மாதிரியே இருக்கும், இங்க எம்.பி.பி.எஸ். முடிச்சு வர்ற டாக்டர் ஒண்ணு ரெண்டு வருஷத்துல பி.ஜி. (மேல்படிப்பு) சீட்டு கிடைச்சுப் போயிருவாரு, அவரைக் குத்தம் சொல்றதுக்கில்ல. வி.எச்.என்.னு சொல்ற கிராம சுகாதார நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீசியன், மக்களைத் தேடி மருத்துவம் (எம்.டி.எம்.) அக்காமாரு, இவங்கதான் பத்து வருஷம் அதே ஊர்ல கிடக்கறவங்க.

வாயைத் திறந்து கேட்டுப் பழகுனாங்களா. இந்த விஷயத்துல அறிவு ரெண்டாவதுதான், வாய்தான் முதல்ல. எத்தனையோ வருஷ அனுபவம் உள்ள சிஸ்டருங்க "சாகணும்னு தோணுதா"ங்கற வார்த்தை வர்ற இடத்துல தொண்டை அடைச்சு நிக்கறதைப் பாத்திருக்கேன், நானும் நின்னிருக்கேன். நம்ம மொழியிலயும் ஒரு சிக்கல் இருக்கு: நாம எல்லாரும் "தப்பான எண்ணம் ஏதும் இருக்கா தம்பி"ன்னுதான் கேப்போம். தப்புன்னு நாமளே சொல்லிட்டுக் கேட்டா எந்தப் பிள்ளை ஆமான்னு சொல்லும், "சேச்சே இல்லக்கா"ன்னுதான் சொல்லும். நேராக் கேட்டா எண்ணத்தை நாமளே விதைச்சதா ஆயிருமோன்னு எல்லாருக்கும் பயம், ஆனா அப்படி ஆகறதில்லன்னு ஆராய்ச்சிங்க திரும்பத் திரும்பச் சொல்லுது, கேட்டதும் பிள்ளைங்களுக்கு ஒரு ஆறுதல்தான் வருது.

ஆமான்னு பதில் வந்தா அடுத்த பத்து நிமிஷம் என்ன. எனக்கு இதான் தராசுக்கு நடு முள்ளு. கேக்கச் சொல்லிக்குடுத்துட்டு அடுத்து என்ன செய்யறதுன்னு சொல்லிக்குடுக்காத ட்ரெய்னிங்கைப் போடாமயே இருக்கலாம். யாரைக் கூப்பிடறது, பிள்ளையை யார்கூட வீட்டுக்கு அனுப்பறது, வீட்டுல பூச்சிமருந்து, பழைய மாத்திரையெல்லாம் யார் பூட்டி வைக்கறது, நாளைக்கு யார் ஃபோன் பண்றது, அடுத்த வாரம் யார் பண்றது.

ஓ.பி. என்ன ஆகும். ஒத்த டாக்டர் இருக்கற பி.எச்.சி.ல அவரை அஞ்சு நாள் கூட்டிட்டுப் போனா அங்க கஷ்டப்படப்போறது மாசமா இருக்கற பொண்ணுங்களும் சுகர் மாத்திரைக்கு வந்த பாட்டியும்தான். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணி செக்கப், புதன்கிழமை தடுப்பூசி, இந்த ரெண்டு நாளையும் தொடவே கூடாது.

ரகசியமும் சட்டமும். இதைப் பத்தி எந்த ட்ரெய்னிங்லயும் போதுமான அளவு பேசறதில்ல. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவுப்படி தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அவங்களுக்கு வைத்தியமும் பராமரிப்பும் தர்றது அரசாங்கத்தோட கடமை. 2024 ஜூலை 1ல வந்த புது பாரதிய நியாய சன்ஹிதாவுல, தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309 பிரிவே இல்ல. இது தெரியாம இன்னும் "போலீஸ் கேஸாயிரும், தெரியாமச் சாப்பிட்டான்னு எழுதிருங்க"ன்னு அப்பா அம்மா கெஞ்சறாங்க, நாமளும் எழுதிடறோம், அப்புறம் அந்தப் பிள்ளைக்கு மனநல ஃபாலோ-அப்பே கிடைக்காமப் போகுது. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பொண்ணுக்குக் காதல்ல உடலுறவு, கர்ப்பம்னு வந்தா போக்சோ (பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற சட்டம்) வந்துரும், தகவல் சொல்லியே ஆகணும். அதனால "நீ என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு ஆரம்பத்துலயே சத்தியம் பண்ணிக் குடுத்துறக்கூடாது, எதைச் சொல்ல மாட்டோம், எதைச் சொல்லித்தான் ஆகணும்னு பேச ஆரம்பிக்கறப்பவே நேர்மையாச் சொல்லணும். இது ஒரு மணி நேரம் தனியா எடுக்க வேண்டிய வகுப்பு.

## ஒரே பார்வையில

| வழி | எவ்வளவு நேரம் | யாருக்கு ஒத்துவரும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | ஓட்டை எங்க |
|---|---|---|---|---|
| ஒரு நாள் வகுப்பு | 5-6 மணி நேரம் | வி.எச்.என்., எம்.டி.எம். அக்காமாரு, பார்மசிஸ்ட் | "எல்லாருக்கும் குடுத்தாச்சு"ங்கற நிம்மதி | ஆமான்னு சொன்னப்புறம் என்னன்னு இல்ல |
| எம்எச்கேப் (உலக சுகாதார நிறுவனத்தோட மனநலப் பாடம்) மாதிரி முழு கோர்ஸ் | 4-5 நாள் | டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ் | காலியா நிக்கற ஓ.பி., டிரான்ஸ்பர் | ஆளு போனா கூடவே போயிரும் |
| ஆன்லைன் கோர்ஸ் | அவங்கவங்க வசதி | தனியாப் படிக்க ஆசை உள்ளவங்க | ராத்திரி நேரம், டேட்டா | வாய் பழகாது |
| மாசாமாசம் வீடியோ கேஸ் மீட்டிங் | மாசம் ஒரு மணி நேரம், ஒரு வருஷம் | பி.எச்.சி. மொத்த டீமும் | கூட்டிச் சேக்க ஒரு ஆளு வேணும் | நெட்டு, அப்புறம் சலிப்பு |
| நேர்ல வந்து கூட உக்காந்து சொல்லிக்குடுக்கறது | ஒரு பி.எச்.சி.க்கு 3-4 தடவ | புது டீம், கேஸ் அதிகம் வர்ற இடம் | வர்றவரோட நாள் | எல்லா இடத்துக்கும் முடியாது |

## ஒரு நாள் வகுப்பு

அதிகமா நடக்கறது இதான். ராமநாதபுரத்துல ஒரு ஹால், அறுபது எழுபது பேர், ப்ரொஜெக்டர், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சர்ட்டிபிகேட். சாயல்குடியில இருந்து வர்ற பிள்ளைக்கு பஸ்ல வந்து போகவே பாதி நாள் போயிரும், நாலு மணிக்கு மேல எல்லாரும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க.

இதை ஒரேடியா வேணாம்னு சொல்ல மாட்டேன், எச்சரிக்கை அறிகுறி என்னன்னு தெரியவே தெரியாத இடத்துல ஒரு நாள் கூட பெரிய விஷயம். "நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி", "தூங்கி எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்கும்", "எங்கயாவது கண்காணாமப் போயிரணும்", இதெல்லாம் சலிச்சுக்கிட்டுச் சொல்ற வார்த்தைன்னு விட்டுடாம நின்னு கேக்கணும்னு ஒரு எம்.டி.எம். அக்காவுக்குப் புரிஞ்சாலே லாபம்தான். 2021 ஆகஸ்ட் 5ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து அவங்க வீடு வீடாப் போறாங்க, பி.பி. மாத்திரை குடுக்கப் போன வீட்டுல மூலையில படுத்தே கிடக்கற பையனை டாக்டருக்கு முன்னாடி பாக்கறவங்க அவங்கதான்.

ஆனா தனியா இது மட்டும் போதும்னு நினைச்சுறாதீங்க. ஐரோப்பாவுல பத்து நாட்டுல 168 ஸ்கூல்ல பதினோராயிரத்துக்கு மேல பிள்ளைங்களை வச்சு ஒரு ஆய்வு நடந்து 2015ல முடிவு வெளியாச்சு. அதுல டீச்சருங்களுக்கு மட்டும் "கவனி, கேளு, அனுப்பு"ன்னு சொல்லிக்குடுத்த பக்கம் பெருசா வித்தியாசம் தெரியல, பிள்ளைங்களோடவே உக்காந்து பேசி, நடிச்சுப் பாத்த பக்கம்தான் முயற்சிங்க கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சுச்சு. அது ஸ்கூல், நம்ம விஷயம் ஆஸ்பத்திரி, ரெண்டும் ஒண்ணில்லதான், ஆனா கேட்டுட்டுப் போயி உக்காந்துக்கற வகுப்பால என்ன ஆகும் என்ன ஆகாதுங்கறதுக்கு அது ஒரு அடையாளம்.

எப்ப இதைப் போடலாம்: காசு ரொம்பக் கம்மி, ஆளு ரொம்ப ஜாஸ்தி, அடுத்து வேற ஏதோ ஒண்ணு கண்டிப்பா தொடரப் போகுதுன்னா. ஹாலுக்குக் கூட்டிட்டு வராம பிளாக் அளவுல இருபது இருபது பேரா, மண்டபத்துல ஒண்ணு, கடலாடியில ஒண்ணு, திருவாடானையில ஒண்ணுன்னு பிரிச்சா பஸ் நேரம் மிஞ்சும், மத்தியானத்துக்கு மேல நடிச்சுப் பாக்க வைக்கலாம்.

## அஞ்சு நாள் கோர்ஸ்

உலக சுகாதார நிறுவனம் 2008ல ஆரம்பிச்ச எம்எச்கேப், மனநல டாக்டர் இல்லாத இடத்துல பொது டாக்டரும் நர்ஸும் பாக்கறதுக்குன்னே செஞ்சது, அதோட வழிகாட்டிப் புத்தகம் 2010ல வந்துச்சு, 2016ல ரெண்டாவது பதிப்பு. மனச்சோர்வு, வலிப்பு, குடிப்பழக்கம், பிள்ளைங்களோட மனநலம்னு எல்லாம் அதுல உண்டு, தன்னைத்தானே காயப்படுத்திக்கறது, தற்கொலைங்கறது அதுல ஒரு பகுதி. படம் போட்டு, "இப்படி இருந்தா இங்க போ, அப்படி இருந்தா அங்க போ"ன்னு அம்புக்குறி போட்டிருக்கும், பதட்டத்துல இருக்கறப்ப கையில பிடிச்சுக்க நல்லா இருக்கும்.

ஆழமா வேணும்னா இதைவிட நல்லது கிடையாது. மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பிக்கறது, பிள்ளைங்களுக்கு எதை ஆரம்பிக்கக் கூடாது, எப்ப உடனே அனுப்பணும், இதெல்லாம் டாக்டருக்குத் தெரியணும்னா ஒரு நாள்ல முடியாது. பிரச்சினை காட்லாந்து பிரச்சினைதான். ஒரு தடவ எங்க பிளாக்ல இருந்து ஒரு டாக்டரம்மாவை அனுப்புனோம், அருமையாக் கத்துக்கிட்டு வந்தாங்க, ஆறு மாசம் அந்த பி.எச்.சி.யே வேற மாதிரி இருந்துச்சு, அப்புறம் பி.ஜி. கிடைச்சுப் போயிட்டாங்க. அவங்க மேசையில ஒட்டியிருந்த சார்ட்டை மறுவாரம் வெள்ளை அடிக்கறப்பக் கிழிச்சுட்டாங்க.

எப்ப இதைப் போடலாம்: ரெண்டு டாக்டருக்கு மேல இருக்கற மேம்படுத்தப்பட்ட பி.எச்.சி., இல்ல தாலுகா ஆஸ்பத்திரி. டாக்டரை மட்டும் அனுப்பாம, அதே இடத்துல இருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸையும் சேத்து ஜோடியா அனுப்பணும். டாக்டர் மட்டும்தான்னு சொன்னாங்கன்னா நான் அந்தக் காசைப் போட மாட்டேன்.

## ஆன்லைன் கோர்ஸ்

பெங்களூர்ல இருக்கற தேசிய மனநல நிறுவனம் நிம்ஹான்ஸ் மாதிரி இடங்கள் ஆன்லைன்லயே நடத்துது, நல்ல பாடம், நல்ல ஆளுங்க. காசும் கம்மி. ஆனா வி.எச்.என். வேலை என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பகல் முழுக்க ஃபீல்டு, சாயங்காலம் பிக்மி என்ட்ரி (கர்ப்பிணிங்க விவரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறது), ராத்திரி பத்து மணிக்கு மேல பிள்ளைங்க தூங்குனப்புறம் வீடியோவை ஓட விட்டுட்டுப் பாத்திரம் தேய்க்கறாங்க. கடைசியில பத்துக் கேள்விக்கு டிக் பண்ணி சர்ட்டிபிகேட் வந்துரும், ஒரு பிள்ளை முன்னாடி உக்காந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க.

எப்ப இதைப் போடலாம்: மத்ததுக்கு முன்னாடி, எல்லாரும் அடிப்படையைத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்னு. அப்படிப் பண்ணா வகுப்புல பாதி நேரம் மிச்சமாகும்.

## மாசாமாசம் கேஸ் மீட்டிங்

என் மனசு இதுலதான் இருக்கு. 2003ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல சஞ்சீவ் அரோராங்கற டாக்டர் கல்லீரல் வைரஸ் நோயாளிங்களுக்காக எக்கோன்னு ஒரு முறையை ஆரம்பிச்சாரு. அந்த மாகாணத்துல ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்க ஜனங்க ரொம்ப தூரம் போகணும், அதனால நோயாளியை வரச் சொல்றதுக்குப் பதிலா கிராமத்து டாக்டருங்களை வாரா வாரம் வீடியோவுல சேத்து, அவங்கவங்க கேஸை அவங்களே சொல்லி, எல்லாரும் சேந்து பேசிக் கத்துக்கறது. மனநலத்துக்கு நம்ம நாட்டுல நிம்ஹான்ஸும் இந்த முறையை நடத்துது.

நாங்க சின்ன அளவுல ஒரு வருஷம் இப்படி ஓட்டுனோம், எட்டு இடம், மாசம் ஒரு தடவ, மத்தியானம் ரெண்டரைக்கு ஓ.பி. முடிஞ்சப்புறம் ஒரு மணி நேரம். பேரு ஊரு சொல்லாம ஒருத்தங்க ஒரு கேஸ் சொல்லணும், அவ்வளவுதான் விதி. முதல் ரெண்டு மாசம் யாரும் வாயைத் திறக்கல. மூணாவது மாசம் ஒரு வி.எச்.என். சொன்னாங்க: பையனுக்குப் பதினேழு வயசு, ப்ளஸ் டூவுல ரெண்டு பாடம் போயிருச்சு, வயித்துவலின்னு வந்தான், கூட அம்மா விடாம நிக்கறாங்க. "வெயிட் பாக்கணும், நீங்க வெளிய இருங்கம்மா"ன்னு சொல்லி அவனை என்.சி.டி. ரூமுக்கு (சுகர், பி.பி. பாக்கற ரூம்) கூட்டிட்டுப் போயி கதவைச் சாத்துனாங்களாம். சாத்துனதுக்கப்புறம் என்ன கேக்கறதுன்னு தெரியாம நிஜமாவே வெயிட்டைப் பாத்து எழுதிட்டு அனுப்பிட்டாங்களாம். சொல்லிட்டு அழுதுட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் முழுக்க நாங்க பண்ணது ஒண்ணே ஒண்ணு, அந்தக் கதவு சாத்துனதுல இருந்து அடுத்த வார்த்தையை எல்லாரும் அவங்கவங்க பேச்சுல சொல்லிப் பாத்தோம். "ரிசல்ட் வந்ததுல இருந்து தூங்குனியாப்பு?" "சில பேருக்கு இந்த மாதிரி நேரத்துல செத்துப் போயிட்டா நல்லாருக்கும்னு கூடத் தோணும், உனக்கு அப்படித் தோணுச்சா?" கீழக்கரைப் பக்கத்து சிஸ்டர் "உம்மாகிட்ட சொல்லிருவேனோன்னு பயப்படாத"ன்னு சேத்தாங்க. மறுநாளே அந்த வி.எச்.என். பையன் வீட்டுக்குப் போயி கேட்டாங்க, அவன் ஆமான்னு சொன்னான், அடுத்து என்ன செய்யணும்னு அவங்களுக்கு இந்தத் தடவ தெரிஞ்சிருந்துச்சு.

கேக்கறதுக்குன்னே ஏ.எஸ்.க்யூன்னு நாலு கேள்வி இருக்கு, அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் பண்ணது, பத்துல இருந்து இருபத்திநாலு வயசு வரைக்கும் சோதிச்சுப் பாத்தது, மொத்தமே அரை நிமிஷம்தான். போன சில வாரத்துல செத்துப் போயிருக்கலாம்னு நினைச்சியா, நீ இல்லன்னா வீட்டுக்கு நல்லதுன்னு தோணுச்சா, போன வாரத்துல உயிரை விடணும்னு எண்ணம் வந்துச்சா, எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கியா. ஒண்ணுக்கு ஆமான்னாலும், பதில் சொல்லாட்டியும், அஞ்சாவதா இப்ப இந்த நிமிஷம் அந்த எண்ணம் இருக்கான்னு கேக்கணும், அதுக்கு ஆமான்னா பிள்ளையை ஒரு நிமிஷம் கூடத் தனியா விடக்கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022ல பன்னெண்டு வயசுக்கு மேல எல்லாப் பிள்ளைங்களுக்கும் கேக்கச் சொல்லுது. நம்ம ஓ.பி.ல எல்லாருக்கும் முடியுமான்னா, முடியாது. காரணம் தெரியாத வலின்னு திரும்பத் திரும்ப வர்ற பிள்ளை, காயத்தோட வர்ற பிள்ளை, ரிசல்ட்டுக்கு அப்புறம் வர்ற பிள்ளைன்னு ஆரம்பிச்சாப் போதும்.

இதோட செலவு நெட்டு இல்ல, கூட்டறவர்தான். மாசாமாசம் எட்டு இடத்துக்கும் ஃபோன் போட்டு, டாக்டர் நேரத்தைப் பிடிச்சு, கேஸ் யாரு சொல்றாங்கன்னு பாத்து, வராதவங்களை விசாரிக்க ஒரு ஆளு வேணும், அவருக்குச் சம்பளம் போடணும். நாங்க போடல, ஒரு நல்ல பிள்ளை சும்மாவே பண்ணிச்சு, அதுக்குக் கல்யாணம் ஆகிப் போனதும் மீட்டிங்கும் நின்னுபோச்சு. இன்னைக்கும் எனக்கு அது வருத்தம்.

எப்ப இதைப் போடலாம்: ஒரு வருஷம் விடாம நடத்த முடியும்னா மட்டும். மூணு மாசத்துக்குத்தான் காசுன்னா வேற வழிக்குப் போயிருங்க.

## நேர்ல வந்து கூட உக்காந்து சொல்லிக்குடுக்கறது

மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து டாக்டரோ சமூகப் பணியாளரோ பி.எச்.சி.க்கே வந்து, ஓ.பி.ல பக்கத்துல உக்காந்து, நாம கேக்கறதைக் கேட்டுட்டு அப்புறம் திருத்தறது. இதைவிட நல்லா யாரும் கத்துக்க முடியாது, ஆனா எத்தனை இடத்துக்கு அவரால வர முடியும். அதனால இதை எங்க போடணும்னா, பிரச்சினை அதிகம் தெரிஞ்ச இடத்துல: மண்டபம் முகாம் பக்கம், தீவுப் பக்கம், ஏர்வாடிப் பக்கம்.

ஏர்வாடின்னதும் ஒண்ணு சொல்லணும். 2001 ஆகஸ்ட் 6ல அங்க மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டியிருந்தவங்க தீயில போனது இந்த மாவட்டத்துல யாரும் மறக்கல. "மனநல டாக்டர்கிட்ட அனுப்பறேன்"னு நாம சொன்னா பிள்ளை காதுல "உன்னைய ஏர்வாடிக்கு அனுப்பறேன்"னுதான் விழும், நம்ம ஊர்ல அது ஒரு வசவு. வெளிய இருந்து வர்ற ட்ரெய்னருக்கு இது தெரியாது, ஸ்லைடுல "ரெஃபர் பண்ணவும்"னு ஒரு வரி போட்டுட்டுப் போயிருவாரு. தூக்கத்துக்கும் மனப்பாரத்துக்கும் பாக்கற டாக்டர், நானும் கூட வர்றேன்னு சொல்லணும். தர்காவுக்கும் போறோம்னு குடும்பம் சொன்னா போகட்டும், மாத்திரையையும் விடாமச் சாப்பிடட்டும்.

## எந்த நிலைமைக்கு எது

தொண்டி டாக்டர் தம்பிக்கு: நீங்க ஒத்த டாக்டர், எப்படியும் இன்னும் ஒண்ணரை வருஷத்துல போயிருவீங்க, அதனால அஞ்சு நாளை உங்களுக்குன்னு செலவு பண்ணாதீங்க. ஆன்லைன்ல அடிப்படையைப் பாத்துக்கிட்டு, உங்க சிஸ்டரையும் வி.எச்.என்.ஐயும் வச்சு மாசாமாசம் மீட்டிங்கை ஆரம்பிங்க.

கீழக்கரை காக்காவுக்கு: உங்ககிட்ட காசு இருக்கு, ஆளு கூட்டற பலமும் இருக்கு. வகுப்புக்குச் சாப்பாடு போடறதை விட, மீட்டிங்கைக் கூட்டற ஒரு ஆளுக்கு ஒரு வருஷச் சம்பளம் குடுங்க. யாரும் ஸ்பான்சர் பண்ண முன்வராத செலவு அது, போட்டோவும் வராது. வாப்பா சவுதியில, துபாய்ல, வீட்டுல உம்மாவும் பிள்ளைங்களும் மட்டும்னு இருக்கற தெருவுல ஃபாலோ-அப் ஃபோனை வாட்ஸ்அப்ல வாப்பாவுக்கும் பண்ண வேண்டி வரும், அதையும் அந்த ஆளே பாத்துக்கலாம்.

பாம்பன் அக்காவுக்கு: உங்க பையனுங்க ஆஸ்பத்திரிக்கே வர மாட்டானுங்க, காட்லாந்துல ஆம்பளைங்க வராத மாதிரி. பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்த 2002 அறிக்கையில, தற்கொலையில போனவங்கள்ல 45 சதவீதம் பேர் கடைசி ஒரு மாசத்துல பொது டாக்டரைப் பாத்திருக்காங்க, ஆனா 35 வயசுக்கு உட்பட்டவங்கள்ல அது 23 சதவீதம்தான். அதனால உங்க பக்கம் ஒரு நாள் வகுப்பை பி.எச்.சி. ஆளுங்களோட சேத்து மெடிக்கல் ஷாப்காரர், சங்கத்து ஆளு, கபடி, ஃபுட்பால் சொல்லிக்குடுக்கற அண்ணன்னு எல்லாருக்கும் போடுங்க, நர்ஸம்மா நம்பர் அவங்க ஃபோன்ல இருக்கட்டும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒண்ணை மட்டும் விட்டுறாதீங்க, ஃபோன் பண்றது. உலக சுகாதார நிறுவனம் அஞ்சு நாட்டுல, அதுல ஒண்ணு நம்ம சென்னை, முயற்சி பண்ணிப் பொழைச்சு ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2008ல வெளியிட்டுச்சு. ஒரு பக்கத்துக்கு வழக்கமான வைத்தியம். இன்னொரு பக்கத்துக்கு அதோட ஒரு மணி நேரம் உக்காந்து பேசி, ஒண்ணரை வருஷத்துல ஒன்பது தடவ ஃபோன்லயோ நேர்லயோ எப்படி இருக்கன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். வழக்கமான பக்கம் 2.2 சதவீதம் பேர் பின்னாடி தற்கொலையில போனாங்க, ஃபோன் பண்ண பக்கம் 0.2. ஒன்பது ஃபோன். ஸ்பெஷலிஸ்ட் பண்ண வேண்டியதில்ல, நம்ம வி.எச்.என். பண்ணலாம்.

## எப்ப ஆரம்பிக்கறது

மார்ச்சுக்குள்ள முதல் வகுப்பு முடிஞ்சிரணும். நம்ம கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், போட்டு கரையில, அப்பா வீட்டுல, கையில காசில்ல, தண்டலுக்காரன் வாசல்ல. அந்த மாசத்துக்குள்ளதான் ப்ளஸ் டூ ரிசல்ட்டும் பத்தாவது ரிசல்ட்டும் வருது, நீட்டும் வருது. 2017ல இருந்து முதல் மார்க் பட்டியல் போடறதில்ல, ஃபெயிலானவங்களுக்கு உடனே துணைத்தேர்வு இருக்கு, இதெல்லாம் பிள்ளைங்க உயிரை நினைச்சுக் கொண்டுவந்த நல்ல மாத்தம். ஆனா துணைத்தேர்வு இருக்குன்னு அந்த ராத்திரி அந்தப் பையன்கிட்ட யாராவது வாய்விட்டுச் சொல்லணும். ரிசல்ட்டுக்கு மறுநாள் வி.எச்.என். ஒரு பட்டியலோட தெருவுல நடந்தா அதுவே ட்ரெய்னிங்கோட பாதிப் பலன்.

நம்பருங்களை ஓ.பி. சீட்டுக்குப் பின்னாடியே அச்சடிச்சுருங்க: டெலி-மானஸ் 14416, எந்நேரமும் தமிழ்ல பேசலாம், 2022 அக்டோபர்ல இருந்து இருக்கு, தமிழ்நாடு அரசோட 104. இதைப் படிக்கற பிள்ளைங்க யாராவது இப்ப அந்த மாதிரி பாரத்துல இருந்தா இந்த நம்பருக்கு இப்பவே அடிங்க, இல்ல பக்கத்துல இருக்கற நர்ஸக்காகிட்ட தலைவலின்னு சொல்லாம உள்ளதைச் சொல்லுங்க, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

ட்ரெய்னிங் முடியறப்ப எல்லாரும் கையில ஒரு நோட்டோட போகணும். பேரு வேணாம், நம்பர் போதும். முதல் காலம் எப்ப பாத்தோம், ரெண்டாவது என்ன சொல்லுச்சு, மூணாவது வீட்டுல யார்கிட்ட பேசுனோம், மருந்து மாத்திரையெல்லாம் யார் பூட்டி வச்சாங்க, நாலாவது அடுத்து யாரு எந்தத் தேதியில பேசப் போறாங்க. நாலாவது காலம் காலியா ஒரு வரி கூட இருக்கக் கூடாது. நோட்டு பீரோவுல பூட்டியிருக்கணும், ஒரு சாவி வி.எச்.என்.கிட்ட, ஒண்ணு ஸ்டாஃப் நர்ஸ்கிட்ட. டாக்டர் மாறிப் போறப்ப புதுசா வர்றவருக்கு முதல் நாளே அந்த நோட்டைத்தான் காட்டணும்.